இடைமொழியும் இடையாளும்: சீனம் தமிழுக்கு வந்த வழிகள் பற்றிய ஒரு நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

ஒரு மொழியிலே கூறப்பட்டதை மற்றொரு மொழியினர் அறிய முற்படுகையில், இரு சாராருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கின்றார். மூலமொழியை நேரே அறிந்தவர் கிடைக்காதவிடத்து, இடையிலே இன்னொரு மொழியும் இன்னொரு ஆளும் வந்து சேர்தல் தவிர்க்க முடியாததாகின்றது. தொல்காப்பியர் மரபியலிலே வழிநூலை நால்வகைப்படுத்தியபோது மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். வழிநூலுக்கும் வழிநூலாக அமைவனவற்றுக்கு, அதாவது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்புக்கு, அப்பகுப்பிலே தனியிடம் இல்லை. ஆயினும் தமிழிலே நாம் படித்த சீன இலக்கியம் பெரும்பாலும் இவ்வகையினதே.

அண்மைக் காலத்திலே இவ்வுறவு புதிய வடிவமொன்றைப் பெற்றுள்ளது. சீன மொழியில் அமைந்த காணொளியொன்று ஒருவரின் கைபேசிக்கு வந்து சேர்கின்றது. தொழிற்சாலையொன்றின் உட்புறத்தையோ தேயிலை பறிக்கும் பெண்களையோ அது காட்டுகின்றது. பேசுவோரின் முகம் தெரிகின்றது, குரல் கேட்கின்றது, பொருள் மாத்திரம் விளங்கவில்லை. தமது சுற்றத்திலே சீனம் அறிந்தார் எவருமின்மையால், அவர் முன்பின் அறியாத மனிதரை நோக்கி, இதிலே என்ன சொல்லப்படுகின்றது எனக் கேட்கின்றார். எவரோ ஒருவர் விடை கூறுகின்றார். கேட்டவர் நன்றி கூறி அமைகின்றார்.

இது அற்பமான நிகழ்ச்சியாகத் தோன்றலாம். ஆயினும் மொழிபெயர்ப்புப் பற்றிய அடிப்படையான வினாக்கள் யாவும் இதனுள் அடங்கியுள்ளன. பொருளைச் சொல்பவர் யார்? எந்த மொழியினூடாக அவர் அதனைப் பெற்றார்? அவருடைய சமூக நிலைப்பாடு யாது? சொல்லப்பட்டது சரியானதா என்பதைக் கேட்டவர் எவ்வாறு சோதிப்பார்? இவ்வினாக்கள் இன்று தோன்றியவையல்ல. கண்டி நகரிலிருந்து அம்பிட்டிய ஊடாகத் தலாத்துஓயாவுக்குச் செல்லும் பாதையை அண்டிய சிறு நிலப்பரப்பிலேயே இவற்றுக்கு இரு முக்கியமான எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒன்று அம்பிட்டியவிலுள்ள குருமடம். மற்றையது தலாத்துஓயாவிலே வாழ்ந்து சீன இலக்கியத்தைத் தமிழுக்குத் தந்த கே. கணேஷின் எழுத்துப்பணி. இவ்விரண்டையும் அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள வரலாற்றோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கல்லிலே மூன்று மொழிகள்

தமிழும் சீனமும் இடைமொழியின்றி நேரே சந்தித்த காலமும் இருந்தது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்திலே கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே தமிழ் வணிகர் சிவன் கோயில் அமைத்து வாழ்ந்தமைக்குச் சான்று. இலங்கையிலே இதனினும் குறிப்பிடத்தக்க சான்று காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திலே உள்ள மும்மொழிக் கல்வெட்டு. மிங் பேரரசின் கடற்படைத் தலைவரான செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய இக்கல், 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனாவிலேயே பொறிக்கப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதென்பது ஆய்வாளர் கருத்து.

அதிலே சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கை செலுத்துகின்றது. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாரை, அதாவது தேவிநுவரையிலே வழிபடப்பெற்ற திருமாலைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபு சார்ந்தது. பொன், வெள்ளி, பட்டு முதலாய காணிக்கைகளின் பட்டியல் மூன்றிலும் பெரிதும் ஒத்திருக்க, காணிக்கை பெறும் தெய்வம் மாத்திரம் மொழிக்கு மொழி மாறுகின்றது. எனவே இதனை ஒரு மூலமும் அதன் இரு மொழிபெயர்ப்புகளும் என்று கொள்ளல் பொருந்தாது. மூன்று வாசகர் கூட்டத்தினரை அவரவர் மொழியிலும் அவரவர் சமயத்திலும் விளித்த மூன்று பனுவல்கள் ஒரே கல்லில் உள்ளன எனலே பொருத்தமாகும்.

இங்கு இரு உண்மைகள் மனங்கொள்ளத்தக்கன. தமிழ் அக்கல்லில் இடம்பெற்றமைக்குக் காரணம் பேரரசின் மொழிப்பற்று அன்று. இந்து சமுத்திரத் துறைமுகங்களிலே தமிழ் வணிக மொழியாக வழங்கியமையே காரணம். பாரசீகத்துக்கும் அதுவே பொருந்தும். சிங்களம் அக்கல்லில் இல்லை. அடுத்து, மொழிக்குக் காட்டப்பட்ட மதிப்பு அதிகாரத்தை இல்லாமற் செய்துவிடவில்லை. அக்கல்லின் ஆண்டுக்குப் பின் இரண்டாண்டுகள் கழிவதற்குள், 1411இல், அதே செங் ஹோ இந்நாட்டின் ஆட்சியாளரான அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றார். ஒரு மொழி பொதுவெளியிலே எழுதப்படுவதும் விடப்படுவதும் வாணிபத்தினதும் ஆட்சியினதும் தேவைகளாலே தீர்மானிக்கப்படுவதற்கு இக்கல் நல்லதோர் ஆதாரமாகும். இன்னொன்றையும் கூறல் வேண்டும். அத்தமிழ்ப் பகுதியை எழுதிக் கொடுத்த ஆள் யார் என்பதற்குக் கல்லிலே விடையில்லை. சீனப் பேரரசின் பொருட்டுத் தமிழ் எழுதிய அம்மனிதர், நாம் அறிந்த முதலாவது முகமறியா இடையாள் எனலாம்.

3. அம்பிட்டியவின் இலத்தீன்

கடல்வழி வாணிபம் ஐரோப்பியர் கைக்கு மாறியதும் கீழைத்தேய மொழிகள் ஒன்றையொன்று நேரே காணும் வழிகள் அடைபட்டன. தமிழர் சீனத்தையும் சீனர் தமிழையும் ஐரோப்பிய மொழியொன்றின் சாளரத்தினூடாகவே காணவேண்டிய நிலை தோன்றியது. இந்நிலையின் இயல்பை விளங்கிக்கொள்ள அம்பிட்டிய ஓர் எடுத்துக்காட்டை வழங்குகின்றது.

1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ, இந்தியாவினதும் இலங்கையினதும் சுதேச குருமாரைப் பயிற்றுவித்தற்பொருட்டு அம்பிட்டியவிலே குருமடமொன்றை நிறுவினார். பெல்ஜிய இயேசு சபையினர் அதனை நடத்தினர். 1955இல் அது பூனாவுக்கு மாற்றப்படும்வரை, உபகண்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் அங்கு வந்து கற்றனர். தாய்மொழிகள் பலவாகிய அம்மாணவருக்கு மெய்யியலும் இறையியலும் இலத்தீன் மொழியிலே கற்பிக்கப்பட்டன. இக்குன்றுப் பகுதியிலே பேசப்பட்ட சிங்களமோ, அயலிலுள்ள தோட்டங்களிலே பேசப்பட்ட தமிழோ அக்கல்வியின் மொழிகள் அல்ல.

இடைமொழியின் இரட்டைத் தன்மையை இங்கே தெளிவாகக் காணலாம். பல மொழியினரை ஓரிடத்திலே அமர்த்திப் பேசவைத்தது இலத்தீனே. அது இல்லாதிருப்பின் அச்சந்திப்பு நிகழ்ந்திராது. அதே வேளை, அறிவு எங்கிருந்து எங்கே பாயவேண்டும் என்பதையும் அதுவே வரையறுத்தது. ஐரோப்பாவிலே ஆக்கப்பட்ட அறிவு கீழே இறங்கிவரும். சுதேச மொழி அதனைப் பிரசங்கமாக மக்களிடம் கொண்டுசெல்லும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலே வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு இடமளித்த பின்னரே இவ்வொழுங்கு தளர்ந்தது. இடைமொழி மக்களை இணைக்கின்றது. இணைக்கும்போதே மேல் கீழ் என்னும் வரிசையையும் நிலைநாட்டுகின்றது. குடியேற்றவாதத்தின் கீழ் ஆங்கிலம் இதே பணியைப் பன்மடங்கு பெரிய அளவிலே செய்தது.

4. தலாத்துஓயாவிலிருந்து லூ சுன்

அம்பிட்டியவைக் கடந்து செல்லும் பாதையிலே தலாத்துஓயா உள்ளது. மலையகத் தமிழ் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான கே. கணேஷ் (1920–2004) அவ்வூரைச் சேர்ந்தவர். 1946இல் கே. ராமநாதனோடு இணைந்து அவர் வெளியிட்ட 'பாரதி' என்னும் சஞ்சிகை, இந்நாட்டின் முற்போக்கு இலக்கிய வரலாற்றிலே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுவது. முல்க் ராஜ் ஆனந்த், கே. ஏ. அப்பாஸ் ஆகியோரின் ஆக்கங்களையும், லூ சுன்னின் சிறுகதைகளையும், ஹோ சி மினின் சிறைக் கவிதைகளையும் அவர் தமிழாக்கினார். அவர் சீனம் அறிந்தவரல்லர். ஆங்கிலத்தின் வழியாகவே பெயர்த்தார்.

அவர் வாழ்ந்த காலமும் களமும் இவ்விடத்திலே கருதத்தக்கன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1952 டிசம்பரிலே இலங்கை, சீன மக்கள் குடியரசோடு இறப்பர்–அரிசி உடன்படிக்கையைச் செய்துகொண்டது. சீனத்துக்குச் சென்ற இறப்பரிலே மலையகத் தமிழரின் உழைப்புக் கணிசமாக அடங்கியிருந்தது. பண்டங்கள் இரு நாடுகளுக்குமிடையே நேரே சென்றுவந்தன. அவற்றை உற்பத்தி செய்த இரு நாட்டு உழைப்பாளரும் ஒருவர் சொல்வதை மற்றவர் நேரே கேட்க வழியிருக்கவில்லை. சரக்குக்கு இடையாள் தேவைப்படாத இடத்திலும் சொல்லுக்கு இடையாள் தேவைப்பட்டார். அத்தேவையை நிறைவு செய்ய முற்பட்ட சிலருள் ஒருவராகவே கணேஷை நாம் மதிப்பிடல் வேண்டும்.

மூலமொழி அறியாதவர் பெயர்த்தது மொழிபெயர்ப்பே அன்று என வாதிடுவோர் உளர். அவர்கள் சீன இலக்கிய வரலாற்றையே ஒருமுறை நோக்குதல் நன்று. லின் ஷு (1852–1924) பிறமொழி எதுவும் அறியாதவர். பிறமொழி அறிந்த நண்பர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்லத் தாம் செம்மொழி நடையிலே எழுதிச் செல்வார். இவ்வாறு 1899இலே தூமாவின் நாவலொன்றும், 1901இலே ஸ்டோவின் அடிமைமுறை எதிர்ப்பு நாவலும் சீனத்தில் வெளியாயின. நூற்றுக்கு மேற்பட்ட மேலைத்தேய ஆக்கங்களை இங்ஙனம் அவர் தந்தார். ஒரு தலைமுறையினர் மேலைத்தேய நாவலை அவரூடாகவே அறிந்தனர். இளமையிலே அவர் நூல்களை விரும்பிப் படித்தவருள் லூ சுன்னும் ஒருவர். லூ சுன் தாமே பிளெக்கானோவைச் சப்பானிய மொழியூடாகவும், கோகோலின் புகழ்பெற்ற நாவலை ஜேர்மன் மொழியூடாகவும் பெயர்த்தார். 1934இல் மறுமொழிபெயர்ப்புப் பற்றிய விவாதம் எழுந்தபோது, நேரடி மொழிபெயர்ப்பாளர் போதியளவு இல்லாத நாட்டிலே இடைமொழி வழிப் பெயர்ப்பை ஒதுக்கிவிடலாகாதென்ற நிலைப்பாட்டை எடுத்தார்.

எனவே, ஆங்கில வழியே லூ சுன்னைத் தமிழாக்கிய கணேஷ், லூ சுன்னின் வழியையே பின்பற்றினார் எனலாம். பிறர் உதவியை நாடிப் பொருளறிவது இழிவன்று. அறிவு ஒரு கூட்டுழைப்பின் விளைவு என்பதை ஏற்போருக்கு இதில் வியப்பும் இல்லை. ஆயின் விமரிசகரின் கடமை பாராட்டோடு முடிவதன்று. இடைமொழி எதனைத் தந்தது என்பதை அறிந்த நாம், எதனை மறைத்தது என்பதையும் அறிதல் வேண்டும்.

5. ஆங்கிலம் மறைத்தது யாது?

மொழிபெயர்ப்பிலே அழகு குன்றும் என்பது பலரும் கூறும் முறைப்பாடு. லூ சுன் விடயத்திலே இழப்பு அழகியல் சார்ந்ததாக மாத்திரம் இருக்கவில்லை. அவருடைய போராட்டத்தின் மையமே மறைந்துபோயிற்று என்பது எமது கருத்து.

1918 மே மாதம் வெளியான 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' இரு நடைகளிலே எழுதப்பட்டது. முகவுரை வென்யென் எனப்படும் பண்டைச் செம்மொழி நடையில் உள்ளது. நோயாளி குணமடைந்து அரச பதவியொன்றை நாடிச் சென்றுவிட்டார் என்னும் செய்தி அங்கே கூறப்படுகின்றது. அதனையடுத்து வரும் நாட்குறிப்பு, பைஹுவா எனப்படும் பேச்சுவழக்கை ஒட்டிய நடையில் அமைந்தது. மனிதனை மனிதன் தின்னும் சமூகத்தைக் கண்டு அலறும் குரல் பேச்சு நடையிலே ஒலிக்கின்றது. அக்குரல் அடங்கி, ஆள் பதவிக்குத் திரும்பிய செய்தி பண்டித நடையிலே தெரிவிக்கப்படுகின்றது. நடைமாற்றமே கதையின் கருத்து. பண்டித மொழியில் 'தெளிவு' எனப்படுவது அதிகாரத்துக்கு அடங்கிப்போதல். பேச்சு மொழியில் 'பைத்தியம்' எனப்படுவது உண்மையைக் காணல்.

ஆங்கிலத்திலே இத்தகைய இருநிலை வழக்கு இல்லை. யாங் சியன்யியும் கிளாடிஸ் யாங்கும் செய்த, பீக்கிங் பிறமொழி வெளியீட்டகத்தின் வாயிலாக உலகெங்கும் பரவிய ஆங்கில மொழிபெயர்ப்பு, தெளிவும் செம்மையும் வாய்ந்தது. ஆயினும் முகவுரையும் நாட்குறிப்பும் அதிலே ஏறத்தாழ ஒரே ஆங்கிலமாகவே அமைகின்றன. 1990இல் வெளியான வில்லியம் லயலின் மொழிபெயர்ப்பு முகவுரைக்குச் செயற்கையான உயர்நடையொன்றை அமைத்து இக்குறையை ஓரளவு நீக்க முயன்றது. ஆங்கிலம் முயன்று செயற்கையாகப் பெறவேண்டிய இவ்வேறுபாடு தமிழிலே இயல்பாகவே உண்டு. செந்தமிழ் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் நம்மிடம் வாழும் இருநிலைகள். சீனத்திலிருந்து நேரே தமிழுக்கு வந்திருப்பின் அக்கதை இழப்பின்றி வந்திருக்கக்கூடும்.

1919இல் வெளியான 'கொங் யிஜி' இதனை மேலும் தெளிவாக்கும். மதுக்கடையிலே குறுஞ்சட்டையணிந்த உழைப்பாளர் நின்றுகொண்டே குடிப்பர். நீள் அங்கி அணிந்த கனவான்கள் உள்ளே அமர்ந்து குடிப்பர். நீள் அங்கி அணிந்தும் நின்று குடிப்பவர் கொங் யிஜி ஒருவரே. பரீட்சையில் தேறாத, பிழைக்க வழியற்ற அப்பழைய படிப்பாளி பேசும்போது பண்டைச் செம்மொழியின் இடைச்சொற்கள் வாயிலே வந்து விழுகின்றன. கடையிலுள்ளோர் நகைக்கின்றனர். இதனை நேரே தமிழாக்குபவர், 'மன்', 'கொல்', 'அரோ', 'மாதோ' என்னும் அசைச்சொற்களோடு பேசும் வறிய புலவர் ஒருவரை நம்முன் நிறுத்தலாம். ஒரு எழுத்தை நான்கு விதமாக எழுதலாமெனக் கடைச் சிறுவனுக்கு அவர் கற்பிக்க முனையும் இடம், புணர்ச்சி விதிகளை ஒப்புவித்தே வாழ்நாளைக் கழித்த நமது ஊர்ப் பண்டிதரை நினைவூட்டும். ஆங்கிலத்தினூடாக வந்த கொங் யிஜியோ பழமையான சொற்களைப் பேசும் விந்தை மனிதராக மாத்திரமே எஞ்சுகின்றார்.

1921–22இல் வெளியான 'ஆ கியூவின் உண்மைக் கதை'யிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. கதாநாயகனின் பெயரை எந்தச் சீன எழுத்தால் எழுதுவதென்று தெரியாத கதைசொல்லி, உரோமன் எழுத்தொன்றையே பெயராக வைக்கின்றார். ஊரும் குலமும் நிச்சயமில்லாத உழைப்பாளிக்குத் தன் நாட்டு எழுத்திலே எழுதத்தக்க பெயர்கூட இல்லை. சீனப் பக்கத்தின் நடுவே அந்நிய எழுத்து கண்ணை உறுத்துமாறு நிற்கின்றது. ஆங்கிலப் பக்கத்திலே அது ஏனைய எழுத்துகளோடு கலந்து காணாமற் போகின்றது. அதிலிருந்து தமிழுக்கு வருகையில் 'கியூ' என்பது வெறும் ஓசையாகி விடுகின்றது.

இவ்விழப்பு ஏன் முக்கியமானது? இலங்கையிலே 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த விவாதத்தை நினைவுகூர்வோர்க்கு இது எளிதில் விளங்கும். யாழ்ப்பாணத்தினதும் மட்டக்களப்பினதும் மலையகத்தினதும் பேச்சு வழக்குகளை முற்போக்கு எழுத்தாளர் புனைகதைகளிலே கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை இழிசனர் வழக்கு என இகழ்ந்தனர். மக்களின் மொழி இலக்கியத்துக்கு உரியதா என்பதே அவ்விவாதத்தின் உட்பொருள். ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன்னர் சீனத்திலே மே நான்கு இயக்கத்தினர் நடத்திய போராட்டமும் இதுவே. அவ்வியக்கத்தின் தலைசிறந்த எழுத்தாளர் தமிழுக்கு வந்திருந்தார். ஆனால் அவர் எந்தப் போர்க்களத்திலே நமது எழுத்தாளரோடு தோளோடு தோள் நின்றிருக்க வேண்டுமோ, அந்தப் போர்க்களமே ஆங்கிலப் பெயர்ப்பிலே புலப்படாதிருந்தது. லூ சுன்னை நிலமானிய எதிர்ப்பாளராக வாசகர் அறிந்தனர். மொழியினுள்ளே அந்நிலமானியம் எவ்வாறு உறைந்திருந்தது என்பதை அவர் காட்டிய விதத்தை அறியவில்லை. க. கைலாசபதி 'ஒப்பியல் இலக்கியம்' என்னும் நூலை 1969இல் வெளியிட்டு, தமிழைப் பிற இலக்கியங்களோடு ஒப்பிடும் ஆய்வுக்கு வலுவான அடித்தளமிட்டார். அத்தளத்தின் மீது தமிழ்–சீன இருநிலை வழக்குகளின் ஒப்பீடு எழுப்பப்படாமற் போனமைக்கு இடைமொழியும் ஒரு காரணமாகும்.

ஹோ சி மினின் சிறைக் கவிதைகளும் இவ்வாறே. வியட்நாமியரான அவர் 1942–43இல் தென்சீனச் சிறைகளிலே இருந்தபோது அவற்றைச் செம்மொழிச் சீனத்திலே, தாங் காலத்து யாப்பு மரபைத் தழுவி எழுதினார். மன்னராட்சிக் காலத்து அறிஞரின் யாப்பு, மூட்டைப்பூச்சியையும் கைவிலங்கையும் பாடுவதற்குப் பயன்பட்டது. அவ்வடிவத்தின் எதிர்ப்புணர்வு, கட்டளைக் கலித்துறையிலே சிறைக்கூடத்தைப் பாடினாற் போன்றது. ஆங்கில வழியே வந்தபோது பொருள் வந்தது. வடிவத்தின் வாயிலான எதிர்ப்பு வரவில்லை.

6. இடையாளின் முகம்

இடைமொழியைப் போலவே இடையாளையும் நாம் விசாரித்தல் வேண்டும். 1950கள் முதல் மலிவு விலையிலே நமக்குக் கிடைத்த சீன நூல்களையும், 1951இலே தொடங்கிய 'சீன இலக்கியம்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையையும் தேர்ந்தெடுத்து அனுப்பியது ஓர் அரச நிறுவனம். எது மொழிபெயர்க்கத்தக்கது என்பதை அதுவே தீர்மானித்தது. 1949க்குப் பின் புனைகதையை ஏறத்தாழக் கைவிட்டுப் பண்டைய ஆடைகள் பற்றிய ஆய்விலே ஈடுபட்ட சென் சொங்வென் போன்றோர் நெடுங்காலம் நமது பார்வைக்கு எட்டாதிருந்தனர்.

இதனினும் கூர்மையான உண்மையொன்று உண்டு. லூ சுன்னை உலகுக்குப் பெயர்த்தளித்த யாங் சியன்யியும் அவர் துணைவியார் கிளாடிஸும் கலாசாரப் புரட்சியின்போது, 1968 முதல் 1972 வரை, சிறையில் இருந்தனர். அவர்கள் பெயர்த்த நூல்கள் பல நாடுகளிலே புரட்சியின் குரலாகப் படிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நூலின் முகப்பிலே பெயர் இருந்தது. பெயருக்குரியவர் எங்கே என்று கேட்பார் இருக்கவில்லை. மொழிபெயர்ப்பை உழைப்பாகக் கருதாமல் கண்ணாடியாகக் கருதும் மனப்பாங்கின் விளைவு இது. உழைப்பின் வரலாற்றை எழுதுவோர் மொழிபெயர்ப்பு உழைப்பை அதிலே சேர்க்காது விடுவது முரண்பாடாகும்.

மறுபுறத்திலே, பீக்கிங் வானொலி 1963 ஓகஸ்டிலே தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன்பொருட்டுச் சீன இளைஞர் தமிழைக் கற்றனர். இடைமொழியின்றித் தமிழிலே பேசும் சீனக் குரல்களைத் தமிழ் நேயர் கேட்டு மகிழ்ந்தனர், கடிதங்கள் எழுதினர், நேயர் மன்றங்கள் அமைத்தனர். நேரடித் தொடர்பு இயலாததொன்றல்ல என்பதற்கு இது சான்று. ஆயின் அத்தொடர்பு ஒருபுறமாகவே அமைந்தது. அவர்கள் தம் கருத்தைச் சொல்லத் தமிழ் கற்றனர். அதனைச் சோதித்தறியச் சீனம் கற்கும் ஏற்பாட்டை நாம் பரந்த அளவிலே செய்துகொள்ளவில்லை. தமிழகத்தைச் சேர்ந்த பயணி என்பார் சீனத்தின் பண்டைய கவித்தொகையிலிருந்து நேரே தமிழாக்கிய 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' 2012இலேதான் வெளியாயிற்று. சங்கப் பாடல்களோடு அருகருகே வைத்துப் படிக்கத்தக்க அக்கவிதைகள் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது.

7. இன்றைய நிலையும் நமது பணியும்

இனி, முகமறியாதவரிடம் காணொளிக்குப் பொருள் கேட்பவரிடம் மீள்வோம். அவர் முன் இன்று இருவகை இடையாட்கள் உள்ளனர். ஒன்று பொறி. பொறிவழி மொழிபெயர்ப்பு முறைகள் நெடுங்காலம் ஆங்கிலத்தை நடுவே வைத்தே ஒரு மொழியை மற்றதாக மாற்றின. பழைய குடியேற்றப் பாதை புதிய கருவியினுள்ளும் தொடர்ந்தது எனலாம். பொறி தரும் தமிழிலே மரியாதை வழக்கும் வட்டார வழக்கும் சீர்குலைவதைக் காண்கிறோம். பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பாரும் இல்லை.

மற்றையவர் மனிதர். சீனமும் தமிழும் ஒருங்கே அறிந்த மனிதர் எங்கே உளர் என வினவினால், மலேசியாவும் சிங்கப்பூரும் நினைவுக்கு வரும். மலேசியாவிலே சீன மொழிப் பாடசாலைகளிற் கற்ற தமிழ்ப் பிள்ளைகள் பலர். அவர்களிற் பெரும்பாலாரின் முன்னோர், நமது மலையக மக்களின் முன்னோரைப் போலவே, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட உழைப்பாளர். மலாயாவின் இறப்பர்த் தோட்டத் தமிழரும் ஈயச் சுரங்கச் சீனரும் ஒரே ஏகாதிபத்தியத்தின் கீழ் அயலவராயினர். அவ்வயலுறவின் பேரப்பிள்ளைகளிடம் ஆங்கிலத்தின் துணை வேண்டாத தமிழ்–சீனப் பாலமொன்று உள்ளது. முகமறியாதவர் எனக் கருதப்படுபவர் வர்க்க வரலாற்றிலே உறவினராக இருக்கக்கூடும்.

இத்தேவை இலக்கிய ஆர்வத்தோடு மாத்திரம் நிற்பதன்று. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. 2021 மே மாதம் கொழும்பிலே சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு அமைந்த இலத்திரனியல் நூலகத்தின் பெயர்ப்பலகை சிங்களம், ஆங்கிலம், சீனம் ஆகிய மொழிகளில் மாத்திரம் அமைந்திருந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி அரசகரும மொழியாகிய தமிழ் அதில் இல்லை. கண்டனம் எழுந்தபின் அப்பலகை அகற்றப்பட்டது. 1409இன் கல்லிலே சிங்களம் இல்லை. 2021இன் பலகையிலே தமிழ் இல்லை. இரண்டிலும் விடுபட்டது மொழியொன்று என்பதோடு, அம்மொழி பேசும் மக்களும் கணக்கிலே விடுபட்டனர் என்பதே உண்மை. நாட்டின் கடனையும் நிலத்தையும் துறைமுகத்தையும் பற்றிய பேச்சு ஒரு மொழியிலே நடைபெறுகையில், அம்மொழியை அறியாத மக்கள் பிறர் கூறும் பொருளையே நம்பியிருக்க வேண்டியவராவர். சீன எதிர்ப்பைக் கிளப்புவோரும் சீனப் புகழ் பாடுவோரும் இவ்வறியாமையை ஒருங்கே பயன்படுத்துகின்றனர்.

ஆகவே சில பணிகளை இங்கு சுட்டுதல் தகும். களனிப் பல்கலைக்கழகத்திலே சீனம் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்த்துறை மாணவர் சிலரேனும் அம்மொழியை முறையாகக் கற்க வழி செய்தல் வேண்டும். லூ சுன்னின் கதைகளுள் ஒன்றையேனும், முதற்கண் 'கொங் யிஜி'யை, மலேசியத் தமிழரின் துணையோடு மூலத்திலிருந்து தமிழாக்கி, இருநிலை வழக்குப் பற்றிய குறிப்புகளோடு வெளியிடலாம். அதனை ஆங்கில வழி வந்த முன்னைய தமிழாக்கத்தோடு ஒப்பிட்டு ஆராய்தல் தமிழ் ஒப்பியல் ஆய்வுக்குப் புதிய வாயிலைத் திறக்கும். மொழிபெயர்ப்புகள் அனைத்திலும் எந்த மொழியினூடாக, எவர் துணையோடு பெயர்க்கப்பட்டது என்பதை முகப்பிலேயே தெரிவிக்கும் வழக்கத்தை நமது சஞ்சிகைகள் கைக்கொள்ளல் வேண்டும்.

கணேஷ் போன்றோர் தமக்குக் கிட்டிய ஒரே சாளரத்தைத் திறந்து வைத்தனர். அச்சாளரம் ஆங்கிலத்தால் ஆனது என்பதற்காக அவர் பணியைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுணர்வு அற்ற செயலாகும். அச்சாளரத்தோடு நாம் நின்றுவிடுவது அவர் பணியையே மறுப்பதாகும். மூலமறியாதவர் பிறரிடம் பொருள் கேட்பது இயல்பு. கேட்ட பொருளைச் சோதித்தறியும் ஆற்றலை ஒரு சமூகம் தனக்குள்ளே வளர்த்துக்கொள்ளும்போதுதான் அக்கேள்வி இரத்தலாக அமையாது, இரு மக்களுக்கிடையிலான உரையாடலாக அமையும்.